ஒரு பாப்பா கேட்ட கேள்வி: தோலோட சேர்ந்து நீளும் விளக்கு (நீண்ட இழை)

1/
ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நீள இழை. போன வாரம் ஓ.பி.க்கு வந்த 11 வயசுப் பொண்ணு ஒருத்தி கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில்தான் இது. அங்கேயே சொல்லிப் பார்த்தேன், அரைகுறையா வந்துச்சு. வெளிய டோக்கனோட கூட்டம். அதனால இங்க முழுசா எழுதுறேன். நிதானமா படிங்க.

2/
அவ 28 வாரத்துல பிறந்த குழந்தை. எடை 1 கிலோ 100 கிராம். நான் அப்போ குழந்தைகள் மருத்துவ மேற்படிப்புல முதல் வருஷம். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுல நைட் டூட்டி.
(அவங்க அம்மாகிட்டயும் அவகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஊர், பேர், ஆஸ்பத்திரி எதுவும் வராது. யாரும் கேட்காதீங்க.)

3/
அவ்வளவு சின்னக் குழந்தைக்கு நாங்க ராத்திரி பூரா பார்க்கிற முக்கியமான நம்பர் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு. கொரோனா காலத்துல எல்லாரும் விரல்ல மாட்டிப் பார்த்தீங்களே, அதேதான். ஆனா குறைமாதக் குழந்தைக்கு அது குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. குறைஞ்சா மூளைக்குப் பாதிப்பு. நாம கொடுக்கிற ஆக்ஸிஜன் அதிகமானா கண்ணோட விழித்திரைக்குப் பாதிப்பு. 90-லிருந்து 95-க்குள்ள வச்சிருக்கணும். கயிறு மேல நடக்கிற மாதிரி வேலை.

4/
அந்த விரல் அளவு உடம்புல விரல்ல மாட்ட இடம் கிடையாது. அதனால பாதத்தைச் சுத்தி ஒரு பட்டை மாதிரி ப்ரோபைச் சுத்தி ஒட்டுவோம். ஒரு பக்கம் குட்டி விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியைப் பிடிக்கிற உணரி. அதுல இருந்து ஒரு வயர் மானிட்டருக்குப் போகும்.
குழந்தை கால உதைக்கும். விளக்கு கொஞ்சம் நகரும். மானிட்டர் 72-ன்னு காட்டி அலறும். ஓடிப் போய்ப் பார்த்தா குழந்தை நல்லா இருக்கும். திரும்பி வந்து உட்காருவேன். திரும்ப அலறும்.

5/
ராத்திரி 2.30 மணி இருக்கும். எத்தனாவது தடவைன்னு தெரியல. எனக்குப் பொறுமை போச்சு. "இன்னும் கொஞ்சம் இறுக்கமா ஒட்டினா சரியாயிடும்"னு பிளாஸ்திரியை மேலும் ரெண்டு சுத்து சுத்தி ஒட்டினேன். சிஸ்டர் சொன்னாங்க, "வேணாம் மேடம், இதுங்க தோல் தாங்காது"ன்னு. நான் கேட்கல.
காலையில ப்ரோபை இடம் மாத்த அந்தப் பிளாஸ்திரியை உரிச்சேன். தோலும் சேர்ந்து வந்துடுச்சு. பெரிய பொட்டு அளவுக்கு, பாதத்துக்கு மேல, சிவப்பா.

6/
ஏன் வந்துச்சுன்னு சொல்லிடறேன். நம்ம தோலோட மேல்பக்கத்துல செத்த செல்களால ஆன ஒரு கவசம் இருக்கு. வளர்ந்தவங்களுக்கு அது 10-லிருந்து 20 அடுக்கு. 30 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தைக்கு 2, 3 அடுக்குதான். மேல்தோலும் அதுக்குக் கீழ இருக்கிற தோலும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கிற பிடிப்பும் இன்னும் முழுசா வரல. ஆக, பிளாஸ்திரிக்கும் மேல்தோலுக்கும் இருக்கிற ஒட்டு, மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இருக்கிற ஒட்டை விட பலமா இருக்கு. உரிச்சா எது விடும்? பலவீனமான இடம்தான் விடும்.

7/
இப்போ நான் வெட்கப்படுற விஷயம். காயத்தை விட அதுக்கப்புறம் நான் செஞ்சது.
டிரெஸ்ஸிங் போட்டேன். அம்மா பார்க்க வந்தப்போ "லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான்"னு சொன்னேன். மறுநாள் டிரெஸ்ஸிங் மாத்துறப்போ அவங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. பார்த்துட்டாங்க. கத்தல, அழல. "ஏன் மேடம் நேத்தே சொல்லல? சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்கப் போறேன்?"னு மட்டும் கேட்டாங்க.
எனக்குப் பதில் இல்ல. காயம் ஆறிடுச்சு. தழும்பு இருக்கு.

8/
அதுக்கப்புறம் 2 வாரம் கழிச்சு கங்காரு பராமரிப்பு ஆரம்பிச்சோம். அதாவது குழந்தையை அம்மாவோட வெறும் நெஞ்சுல தோலோட தோல் படுற மாதிரி படுக்க வைக்கிறது. 1978-ல் கொலம்பியாவோட பொகோட்டாவுல, இன்குபேட்டர் பத்தாத ஒரு ஆஸ்பத்திரியில டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சு வச்சது. இன்னைக்கு உலகம் பூரா செய்றோம். இந்தியா உட்பட 5 நாடுகள்ல உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021-ல் வெளிவந்த ஆய்வுல, எடை குறைஞ்ச குழந்தைகளுக்குப் பிறந்த உடனே இதை ஆரம்பிச்சா 28 நாளைக்குள்ள இறக்கிறது 15.7 சதவீதத்துல இருந்து 12 சதவீதமாக் குறைஞ்சுது. மருந்து இல்ல, மெஷின் இல்ல. அம்மா நெஞ்சுதான்.

9/
ஆனா அந்த அம்மா அசையாம, மூச்சு விடக்கூட பயந்து உட்கார்ந்திருந்தாங்க. கேட்டேன். "வயர் இழுத்துடுமோன்னு பயமா இருக்கு மேடம். மானிட்டர் வேற எனக்குப் பின்னாடி இருக்கு. நம்பர் உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. புள்ள மேலயே எங்கயாவது தெரிஞ்சா நான் பாட்டுக்கு அவளைப் பார்த்துட்டே இருப்பேனே"ன்னாங்க.
அப்போ சிரிச்சுட்டு மானிட்டரை அவங்க பக்கம் திருப்பி வச்சேன். அது எவ்வளவு சரியான கேள்வின்னு புரிய எனக்குச் சில வருஷம் ஆச்சு.

10/
இனி போன வாரத்துக்கு வருவோம். அந்தப் பாப்பா இப்போ 6-ஆம் வகுப்பு. செக்கப்புக்கு வந்தா. அவங்க அம்மா போன்ல ஒரு வீடியோ காட்டினா: ஒருத்தரோட புறங்கையில ஒட்டின மெல்லிய ரப்பர் தாள்ல இதயத்துடிப்பு கோடு சிவப்பு வெளிச்சமா ஓடுது. கையை மடக்கினா தாளும் சேர்ந்து மடங்குது.
"ஆன்ட்டி, நான் பிறந்தப்போ இது இருந்திருந்தா எனக்கு இந்தத் தழும்பு வந்திருக்காதுல்ல?"
இதுதான் கேள்வி. பதில் "ஆமா"ன்னு ஒரு வார்த்தையில முடியல. அதான் இழை.

11/
முதல்ல, விளக்கு எதுக்கு? பல்ஸ் ஆக்ஸிமீட்டரோட அடிப்படையை 1974-ல் ஜப்பான்ல டக்குவோ அவோயாகின்னு ஒரு பொறியாளர் கண்டுபிடிச்சார். ஆக்ஸிஜன் ஏறின ரத்தம் நல்ல சிவப்பு, இறங்கின ரத்தம் கருஞ்சிவப்பு. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் மாத்தி மாத்தி அடிச்சு, எது எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு பார்த்தா விகிதம் கிடைக்கும். துடிப்போட ஏறி இறங்குற பகுதியை மட்டும் எடுத்தா அது தமனி ரத்தம். ஊசி குத்தாம ஆக்ஸிஜன் அளவு. எத்தனை கோடிப் பேரைக் காப்பாத்தியிருக்கும்! அவர் 2020-ல் காலமானார், உலகமே அவர் கருவியை விரல்ல மாட்டிக்கிட்டு இருந்த வருஷத்துல.

12/
பிரச்சினை எங்கேன்னா, அந்தக் கணக்கு முழுக்க விளக்கும் தோலும் உணரியும் ஒண்ணுக்கொண்ணு நகராம இருக்கணும்கிறதை நம்பித்தான் நடக்குது. ஆனா தோல் நீளும், சுருங்கும், மடியும். உங்க முழங்கையை மடக்கிப் பாருங்க. மூட்டுக்கு மேல இருக்கிற தோல் சுமார் 30 சதவீதம் வரைக்கும் நீளும். அது மேல கல்லு மாதிரி ஒரு எல்.இ.டி.யை வச்சா ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வரும். இடைவெளி வந்தா நம்பர் தப்பும். நம்பர் தப்பினா அலாரம். அலாரம் அடிச்சா நான் பிளாஸ்திரியை இறுக்குவேன்.
தோல் உரிஞ்சதுக்கு என் அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மிருதுவான ஒண்ணு மேல கடினமான ஒண்ணை ஒட்டியாகணும்கிற நிலைமை.

13/
சரி, எல்.இ.டி.யை ரப்பர் மாதிரி செய்யக் கூடாதா? இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது.
சாதாரண எல்.இ.டி. ஒரு படிகம். அணுக்கள் வரிசை வரிசையா அடுக்கி வச்ச செங்கல் சுவர் மாதிரி. அந்த ஒழுங்கு இருக்கிறதாலதான் மின்சாரம் ஒளியாகுது. இழுத்தா சுவர் விரிசல் விடும்.
அது மட்டும் இல்ல. உங்க போன் திரையில தொடுற இடத்துல ஒரு மின்கடத்தி இருக்கு, கண்ணாடி மாதிரி தெளிவா. இண்டியம் டின் ஆக்ஸைடுன்னு பேர். ஒளி வெளிய வரணும், மின்சாரமும் ஓடணும்னா அது மாதிரி ஒண்ணு வேணும். ஆனா அது அப்பளம் மாதிரி. கொஞ்சம் இழுத்தாலே நொறுங்கும்.

14/
அப்போ விஞ்ஞானிங்க என்ன பண்ணாங்க? நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் நாலு வழி.

முதல் வழி: மணி வளையல். திருவிழாக் கடையில எலாஸ்டிக்ல கோத்த மணி வளையல் வாங்குவோம்ல? மணி நீளாது, நடுவுல இருக்கிற எலாஸ்டிக்தான் நீளும். அதே மாதிரி கடினமான குட்டி எல்.இ.டி.களை ரப்பர் தாள்ல அங்கங்க தீவு மாதிரி பதிச்சு, நடுவுல நீளக்கூடிய கம்பிகளைப் பாலமா விடுறது.
டோக்கியோ பல்கலைக்கழகத்துல பேராசிரியர் தகாவோ சொமேயா குழுவும் டாய் நிப்பான் பிரின்டிங் நிறுவனமும் 2018-ல் இப்படி 16-க்கு 24 வரிசையில மைக்ரோ எல்.இ.டி. வச்ச ஒரு தாளைக் காட்டினாங்க. 45 சதவீதம் வரை நீளும். நெஞ்சுல ஒட்டின உணரி அனுப்புற இ.சி.ஜி. கோடு புறங்கையில ஓடும். பாப்பா காட்டின மாதிரியே.

15/
சாம்சங் ஆராய்ச்சிக் கூடம் 2021-ல் இதே தீவு-பாலம் வழியில ஓஎல்இடி திரையையும் நாடித்துடிப்பு உணரியையும் சேர்த்து மணிக்கட்டுல ஒட்டுற மாதிரி செஞ்சாங்க. 30 சதவீதம் நீட்டினாலும், 1,000 தடவை நீட்டினாலும் வேலை செஞ்சுது.
இதுல என்னை நிமிர்ந்து உட்கார வச்சது வேற ஒரு வரி. மணிக்கட்டை அசைக்கிறப்போ, வழக்கமான கடினமான சிலிக்கான் உணரியை விட இதுல 2.4 மடங்கு பலமான துடிப்பு சிக்னல் கிடைச்சுதாம். காரணம் எளிமை: தோலோட சேர்ந்து போகுது, இடைவெளி விழல. அதாவது என் ராத்திரி 2.30 மணி அலாரத்துக்கான பதில் அந்த ஒரு வரியில இருக்கு.

16/
ரெண்டாவது வழி: பாவாடைச் சுருக்கம். துணி நீளாது, ஆனா சுருக்கம் வச்சுத் தைச்சா விரியும். சொமேயா குழுவே 2016-ல் மொத்தமே 3 மைக்ரோமீட்டர் தடிமன்ல ஒளி உமிழும் படலம் செஞ்சாங்க. நம்ம மேல்தோலை விட ரொம்ப மெல்லிசு. அவ்வளவு மெல்லிசா இருந்தா உடையாம மடங்கும். அதை இழுத்து வச்ச ரப்பர் மேல ஒட்டி ரப்பரை விட்டா சுருக்கம் விழும். திரும்ப இழுத்தா விரியும். அதுலயே ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற உணரியும் செஞ்சு, தோல் மேலயே எண்ணைக் காட்டினாங்க.
அந்த அம்மா கேட்டாங்களே, "புள்ள மேலயே தெரிஞ்சா"ன்னு. அவங்க கேட்டதைத்தான் டோக்கியோவுல செஞ்சுட்டு இருந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

17/
மூணாவது வழி: ஒளிரும் பொடி. துத்தநாக சல்பைடு பொடியை ரப்பர்ல கலந்து, ரெண்டு பக்கமும் உப்புக் கரைசல் ஊறின ஜெல்லி மாதிரியான கடத்தி வச்சு, மாறுமின்சாரம் கொடுத்தா பொடி ஒளிரும். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல ராப் ஷெப்பர்ட் குழு 2016-ல் இப்படி ஒரு "தோல்" செஞ்சாங்க. அசல் அளவைப் போல 4 மடங்குக்கு மேல இழுத்தும் ஒளிர்ந்துச்சு. பார்க்க அற்புதம். ஆனா இதுக்கு ரொம்ப அதிக வோல்டேஜ் வேணும். மெத்துனு இருக்கிற ரோபோவுக்கு ஓகே. 1 கிலோ குழந்தை பக்கத்துல நான் கொண்டு போக மாட்டேன்.

18/
நாலாவது வழிதான் கஷ்டமானது, அழகானதும்: பொருளே நீளணும். தீவும் வேணாம், பாலமும் வேணாம்.
ஒளி உமிழும் பாலிமர்கள் இருக்கு. பாலிமர்னா நீளச் சங்கிலி மூலக்கூறு. 1990-ல் கேம்பிரிட்ஜ்ல ரிச்சர்ட் ஃப்ரெண்ட், ஜெரமி பரோஸ் குழு இப்படி ஒண்ணு ஒளிரும்னு காட்டினாங்க. சிக்கல் என்னன்னா, மின்சாரம் ஓடணும்னா சங்கிலி விறைப்பா இருக்கணும், நீளணும்னா தளர்வா இருக்கணும். சேவை, உடைக்காத காய்ஞ்ச சேமியா ரெண்டையும் நினைச்சுக்கோங்க. காய்ஞ்ச சேமியா நேரா நிக்கும், ஆனா உடையும். வெந்த சேவை வளையும், ஆனா நேரா நிக்காது. ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்னா?

19/
ஸ்டான்ஃபோர்டுல பேராசிரியர் ஜெனன் பாவ் குழு 2022-ல் ஒரு வழி சொன்னாங்க. சூப்பர் யெல்லோன்னு மஞ்சள் ஒளி தர்ற பாலிமரோட பாலியூரித்தேன் கலந்தாங்க. நம்ம மெத்தை, செருப்பு அடிப்பாகம் இதுலல்லாம் வர்ற அதே பாலியூரித்தேன் குடும்பம்தான். கலந்தா ஒளி மங்கும்னு நினைப்போம். ஆனா ஒளிரும் பாலிமர் உள்ள மெல்லிய நார் வலை மாதிரி பின்னிக்கிச்சு. நீளவும் செஞ்சுது, முன்னை விட நல்லா ஒளிரவும் செஞ்சுது! ரெண்டு மடங்கு நீளம் வரைக்கும் இழுக்கலாம், பிரகாசம் போன் திரையை விட அதிகம். கடத்தி, உறை எல்லாமே நீளக்கூடிய பாலிமர்தான், மொத்தம் 7 அடுக்கு. நாடித்துடிப்போட சேர்ந்து அது மின்னி மின்னி எரியறதையும் காட்டினாங்க.

20/
அடுத்த வருஷமே, 2023-ல், சிகாகோ பல்கலைக்கழகத்துல சிஹோங் வாங், ஹுவான் டி பாப்லோ குழு இன்னொரு படி போனாங்க. இதுக்குக் கொஞ்சம் பின்னணி வேணும்.
இந்த மாதிரிப் பொருள்ல நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஜோடி சேர்ந்தாத்தான் ஒளி. ஆனா 4 ஜோடி சேர்ந்தா சராசரியா 1 ஜோடிதான் ஒளி தரும் நிலையில இருக்கும். மீதி 3 சும்மா சூடாகிப் போயிடும். ஜப்பான்ல கியூஷு பல்கலைக்கழக சிஹாயா அடாச்சி குழு 2012-ல் ஒரு தந்திரம் காட்டினாங்க: மூலக்கூறைச் சரியா வடிவமைச்சா, அறை வெப்பத்தையே வச்சு அந்த வீணாப் போற 3-யும் ஒளி தர்ற நிலைக்குத் திரும்பக் கூட்டிட்டு வரலாம்.

21/
சிகாகோ குழு அந்தத் தந்திரம் தெரிஞ்ச மூலக்கூறுகளுக்கு நடுவுல மெத்துனு வளையற சின்னச் சங்கிலிகளை இணைச்சாங்க. 125 சதவீதம் நீளும், அதாவது இருந்த நீளத்தைப் போல 2 மடங்குக்கு மேல. அதுல செஞ்ச எல்.இ.டி.யில உள்ள போற 100 எலக்ட்ரானுக்குச் சுமார் 10 ஒளித்துகள் வெளிய வருது. 10-தானான்னு தோணலாம். நீளக்கூடிய விளக்குக்கு அது பெரிய விஷயம்.
ஒரு டாக்டரா எனக்கு இது ஏன் முக்கியம்? வீணாகிற மின்சாரம் சூடா மாறும். 2, 3 அடுக்குத் தோல் இருக்கிற பாதத்துல அந்தச் சூடு தங்கும். குறைஞ்ச மின்சாரத்துல அதிக வெளிச்சம்னா குறைஞ்ச சூடு.

22/
இதெல்லாம் படிச்சுட்டு "அப்போ நாளைக்கே வாங்கிடலாம்"னு நினைக்காதீங்க. தடை நிறைய இருக்கு.

ஒண்ணு, ஈரமும் ஆக்ஸிஜனும் இந்தப் பொருளுக்கு எமன். அதனாலதான் போன்ல கண்ணாடிக்குள்ள மூடி வச்சிருக்காங்க. ஆனா நீளணும்னா ரப்பர் உறைதான் போட முடியும். ரப்பர் வழியா காத்து போகும். நேத்து ஊதின பலூன் இன்னைக்குச் சுருங்கியிருக்கும்ல, அதே கதை. குழந்தை படுத்திருக்கிற இன்குபேட்டரோ, ஈரப்பதம் கூட்டி வச்ச பெட்டி.

ரெண்டு, நிறம். மஞ்சள் ஒளி அழகா இருக்கும், ஆனா ஆக்ஸிஜன் பார்க்க சிவப்பும் அகச்சிவப்பும் வேணும். கரிமப் பொருள்ல நல்ல அகச்சிவப்பு கொண்டு வர்றது சிரமம். கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழக ஆனா அரியாஸ் குழு 2014-ல் அகச்சிவப்புக்குப் பதிலா பச்சையை வச்சு அளந்து காட்டினாங்க. ஆனா பச்சை ஒளி தோலுக்குள்ள ரொம்ப ஆழம் போகாது.

23/
மூணாவது தடை நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம்: தோல் நிறம். 2020-ல் அமெரிக்காவுல மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆக்ஸிமீட்டர் 92-லிருந்து 96-ன்னு காட்டுறப்போ, உண்மையில ரத்தத்துல 88-க்குக் கீழ இருந்தவங்க எத்தனை பேர்னு பார்த்தாங்க. வெள்ளையர் நோயாளிகள்ல 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்ல 11.7 சதவீதம். கருப்புத் தோல்ல மெஷின் "நல்லா இருக்கு"ன்னு பொய் சொல்ற வாய்ப்பு 3 மடங்கு.
விளக்கு மிருதுவானா மட்டும் இது சரியாகாது. எந்தப் புதுக் கருவி வந்தாலும் நம்ம நிறத்துக் குழந்தைங்க மேல சோதிச்சுப் பார்த்தாங்களான்னு கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.

24/
ஆனா நம்பிக்கை இருக்கு. 2019-ல் சிகாகோ பக்கத்துல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஜான் ராஜர்ஸ் குழு, மெல்லிய சிலிகோன்ல செஞ்ச வயர் இல்லாத ரெண்டு உணரிகளைக் காட்டினாங்க. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு பாதத்துல. நிஜமான தீவிர சிகிச்சைப் பிரிவுல, நிஜமான குறைமாதக் குழந்தைங்க மேல சோதிச்சாங்க. அதுல விளக்கு இன்னும் கடினமான குட்டி எல்.இ.டி.தான், முதல் வழி மாதிரி. ஆனா முக்கியமானது, லேசா இருக்கிறதால பலமான பசையே தேவையில்ல. வயர் இல்ல. அம்மா குழந்தையைத் தூக்கி நெஞ்சுல போட்டுக்கலாம்.

25/
இன்னொரு இடமும் இருக்கு: மஞ்சள் காமாலை. நீல ஒளி பச்சிளங்குழந்தையோட காமாலையைக் குறைக்கும்னு தெரிய வந்ததே ஒரு நர்ஸ் மூலமா. 1956-ல் இங்கிலாந்து ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில சிஸ்டர் வார்டு குழந்தைங்களை வெயில்ல காட்டிட்டு வருவாங்க. ஒரு குழந்தைக்கு உடம்பு வெளுத்திருக்கு, துணியோட முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளா இருக்கு! அதுல இருந்து வந்ததுதான் இன்னைக்கு இருக்கிற லைட் ட்ரீட்மென்ட். தென் கொரியாவுல கைஸ்ட் நிறுவனத்துல துணியிலேயே நீல ஓஎல்இடி செஞ்சு, குழந்தைக்குப் போர்த்துற மாதிரி கொண்டு வர வேலை நடக்குது. அது வந்தா லைட்டுக்குக் கீழ குழந்தையைத் தனியாப் படுக்க வைக்க வேணாம். மடியிலயே வச்சுக்கலாம்.

(இதைப் படிச்சுட்டு காமாலைக் குழந்தையை வெயில்ல காட்டி வீட்டுலயே வைத்தியம் பார்க்காதீங்க. டாக்டர் சொல்ற லைட்தான் சரியான அளவு.)

26/
இப்போ உங்களுக்கான நடைமுறை விஷயம் நாலு.

- வீட்டுல குறைமாதக் குழந்தை இருந்தா, தோல் மேல எது ஒட்டியிருந்தாலும் சர்ருனு உரிக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால ஊற வச்சு, மேல இழுக்காம தோலோட படிஞ்ச மாதிரியே மெதுவா எடுங்க.
- ஆஸ்பத்திரியில ப்ரோபைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்துறாங்களான்னு கேளுங்க. கேட்கிறது தப்பில்ல.
- வயர் இருக்குன்னு பயந்து கங்காரு பராமரிப்பை விட்டுடாதீங்க. சிஸ்டர் உதவி பண்ணுவாங்க.
- ஆன்லைன்ல "குழந்தைக்கான ஸ்மார்ட் உணரி"ன்னு வர்றதை நம்பி டாக்டர் விசிட்டைத் தள்ளிப் போடாதீங்க. நம்பரை விட குழந்தையைப் பாருங்க: பால் குடிக்குதா, மூச்சு வாங்குதா, உதடு நீலமாகுதா.

27/
சரி, பாப்பா. உன் கேள்விக்கு வரேன். நீ இதைப் படிப்பேன்னு தெரியும், அம்மா போன்ல.

அது இருந்திருந்தா உனக்குத் தழும்பு வந்திருக்காதா? அனேகமா வந்திருக்காது. உன் கூடவே நீளுற விளக்கா இருந்திருந்தா நீ உதைச்சாலும் நம்பர் தப்பியிருக்காது, அலாரம் அடிச்சிருக்காது, நான் பிளாஸ்திரியை இறுக்கியிருக்க மாட்டேன்.
ஆனா அப்போ எங்க வார்டுல அது இல்ல. சிஸ்டர் இருந்தாங்க. "தோல் தாங்காது மேடம்"னு சொன்னாங்க. அந்த ராத்திரி கேட்டிருந்தாலே போதும், எந்த பாலிமரும் தேவைப்பட்டிருக்காது.

28/
இன்னொண்ணு. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் ஏதாவது ஒரு ராத்திரி ஏதாவது ஒரு டாக்டர் கையில தப்பு நடக்கும். அப்போ அம்மாகிட்ட உடனே போய்ச் சொல்றதுக்கு மெஷின் வராது. அது நாங்கதான் செய்யணும். அன்னைக்கு நான் செய்யல. 11 வருஷம் கழிச்சுப் போன வாரம்தான் உன் முன்னாடி வச்சு உங்க அம்மாகிட்ட முழுசா சொன்னேன், பிளாஸ்திரியை இறுக்கினது நான்தான்னு. அவங்க "எனக்கு அப்பவே தெரியும் மேடம்"னாங்க.

29/
அன்னைக்கு அவங்க கேட்டது ரெண்டு விஷயம்னு இப்போ தோணுது. நம்பர் என் கண்ணுக்குத் தெரியணும். நடந்தது எனக்குத் தெரியணும். முதலாவதை டோக்கியோவுலயும் சிகாகோவுலயும் ஸ்டான்ஃபோர்டுலயும் செஞ்சுட்டு இருக்காங்க. ரெண்டாவது எங்க வேலை.

இப்போ என்கிட்ட படிக்கிற ஜூனியர்களுக்கு நான் முதல் வாரமே சொல்றது இது: ப்ரோபை இறுக்காதீங்க, சிஸ்டர் சொல்றதைக் கேளுங்க, தப்பு நடந்தா அடுத்த ரவுண்ட்ஸுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லிடுங்க.

குறைமாதக் குழந்தை உள்ள வீட்டுக்காரங்க யாராவது தெரிஞ்சா 26-ஆம் பதிவை மட்டுமாவது அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, ஓ.பி. முடிச்சுட்டு ராத்திரி பதில் போடுறேன்.